மார்கழி விடியற்காலையில் கார் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருடமும் முதல் ஸ்னோ கொட்டிய வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வரும். நெடுஞ்சாலை 401இல் வரிசையாக நிற்கும் கார்கள், வெள்ளை வெளேரென்ற றோட்டு, கீழே சாரதிகள் கவனமாக இருக்கவேண்டும் என்று ஒரு வரி. அந்தப் படம் வரட்டும், நல்லதுதான். ஆனால் நான் நேரில் பார்க்கிற மோசமான விபத்துகள் அந்த நாட்களில் நடப்பது குறைவு. ஸ்னோ நின்று, வானம் வெளித்து, வீதி கறுப்பாகவும் துப்புரவாகவும் கிடக்கிற மறுநாளோ அதற்கு மறுநாளோ விடியற்காலையில்தான் அவை நடக்கின்றன. அந்த நேரத்தைப் பற்றி நம்முடைய ஆட்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மார்கழி பிறக்கப்போகிறது, திருவெம்பாவைக்குக் கோயில்களுக்கு இருட்டோடு கார் எடுக்கப்போகிறார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் இருக்கிறேன். கோடையில் மண் ஏற்றும் லொறி ஓடுகிறேன். குளிர்காலத்தில், நகரத்திடம் வேலை எடுத்திருக்கும் ஒரு கம்பனிக்காக உப்பு லொறி ஓடுகிறேன். இரவு எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் போகவேண்டும். அதனால் நீங்கள் எழும்புவதற்கு முன் வீதி என்ன நிலைமையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

நடப்பது இதுதான். பகலில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகை ஏறுகிறது. ஓரத்தில் குவித்து வைத்த ஸ்னோ உருகி வீதிக்குக் குறுக்கே மெல்லியதாக ஓடுகிறது. இரவில் மேகம் இல்லாவிட்டால் தார் வீதி தன்னிடம் இருக்கிற சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடும். காற்று +1 என்று இருக்கும்போதே வீதியின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போயிருக்கும். உங்கள் காரின் டாஷ்போர்டில் தெரிவது காற்றின் வெப்பநிலை. வீதியின் வெப்பநிலையை அது காட்டாது. எங்கள் வேலையில் வீதியைப் பார்த்து அளக்கிற அகச்சிவப்புக் கருவி பாவிக்கிறோம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை அதில் பார்த்தால்தான் நம்பமுடியும். இரவு முழுவதும் இறங்கிக்கொண்டே போகும் இந்தச் சூடு ஆகக் குறைவாக இருப்பது சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான். ரொறன்ரோவில் மார்கழி மாதக் கடைசியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7.50 ஆகும். அதிகாலைப் பூசைக்குப் போகிறவர்கள், ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் கார் எடுப்பது அதற்கு முந்தின அந்த இருட்டில்தான்.

இப்படி உறைவதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறோம். பெயர் கறுப்பு என்றாலும் அதற்கு நிறமே கிடையாது. கண்ணாடியைப் போல மெல்லியதாகத் தாரின் மேல் படிந்திருக்கும், அடியில் இருக்கும் தாரின் கறுப்புத்தான் நமக்குத் தெரியும். பார்க்கிறவருக்கு, மழை பெய்து ஈரமாக இருக்கிற றோட்டு என்றுதான் தோன்றும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். வீதி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகிற காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் இல்லை, ஐஸ். அதோடு சத்தத்தையும் கவனியுங்கள். ஈர வீதியில் ரயர் ஓடும்போது ஒரு இரைச்சல் கேட்கும். ஐஸுக்கு மேலே ஏறியதும் அந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோகும். ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு போனால் இது எதுவும் கேட்காது. விடியற்காலையில், பூச்சியத்தைச் சுற்றி வெப்பநிலை இருக்கிற நாட்களில், ரேடியோவை நிறுத்திவிட்டு ஓடச் சொல்கிறேன். −15 பாகைக் குளிரில் வீதி உலர்ந்து வெளிறிப்போய்க் கிடந்தால் நான் அவ்வளவு பயப்படமாட்டேன். +2க்கும் −4க்கும் இடையில்தான் எனக்குப் பயம்.

இனி இடங்களைச் சொல்கிறேன். பாலங்கள் முதலில் உறையும். நிலத்தின் மேல் கிடக்கிற வீதிக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கிறது. பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. அதனால் பாலம் வரை வீதி நன்றாகவே இருந்திருக்கும், பாலத்தில் ஏறியதும் ஐஸ். கிழக்கே ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கத்திலிருந்து 401இல் வருகிறவர்கள் ரூஜ் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இதை மனதில் வைத்திருக்கவேண்டும். மோர்னிங்சைட் அவெனியூ ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுகிற இடம் இன்னொன்று. குளிர்காற்று கனமானது, இரவில் அது பள்ளத்தில் போய்த் தங்கும். ஓடையின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். மேலே எல்ஸ்மியரில் ஒன்றும் இல்லாமல் கீழே முழுவதும் வழுக்கலாக இருந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஓல்ட் பின்ச் அவெனியூவில் ஒரு ஒற்றைவழி இரும்புப் பாலம் இருக்கிறது. 1954இல் ஹேசல் சூறாவளி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன பிறகு இராணுவத்தினர் போட்டது. குறுக்குவழி என்று அதில் போகிறவர்கள் குளிர்காலத்தில் வேறு வழியைப் பார்ப்பது நல்லது.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுகள் அடுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்த காரை வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக்கும் பிடிக்கிறோம். ரயருக்கு இருக்கிற பிடிமானமே கொஞ்சம், அதைத் திரும்பவும் நிறுத்தவும் என்று இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் கிடைக்காது. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் போங்கள். அப்புறம் சந்திகளில் நிற்கும் கோடு. நாள் முழுவதும் கார்களும் பஸ்களும் அந்த இடத்தில் நின்று நின்று போகின்றன. புகைச் சூட்டில் ஸ்னோ உருகி, சுற்றும் சக்கரங்களில் தேய்ந்து, திரும்ப உறைந்து மழமழவென்று ஆகிவிடும். சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்பே மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள், எப்படிப் பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

"உப்புப் போட்டாச்சுத்தானே?" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. உப்புப் போட்டால் எல்லாம் சரி என்று நம்முடைய ஆட்கள் நினைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

நாங்கள் போடுவது கல்லுப்புத்தான். ஒன்ராறியோவில் ஹியூரன் ஏரிக்கரையில் கோடெரிச் என்ற ஊரில் ஏரிக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது அதுதான். உப்பு ஐஸைச் சுடவைத்து உருக்குவதில்லை. முதலில் அது கொஞ்சம் ஈரத்தோடு சேர்ந்து உப்புத்தண்ணீர் ஆகவேண்டும். உப்புத்தண்ணீர் பூச்சியத்தில் உறையாது, அந்தத் தண்ணீர்தான் ஐஸுக்கு அடியில் போய் அதை வீதியிலிருந்து கிளப்பும். இதற்கு நேரம் வேண்டும். மேலே வாகனங்கள் ஓடி அதை நசித்துப் பரப்பவும் வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு, ஒருத்தரும் ஓடாத வீதியில் நான் உப்பைத் தூவிவிட்டுப் போனால், ஐந்து நிமிடத்தில் வருகிற உங்களுக்கு அது பெரிதாக உதவாது. அந்த உப்பின் மேல் முதலாவதாக ஓடுகிறவர் நீங்கள்தான்.

குளிர் கூடக்கூட உப்பின் வேகமும் குறையும். நல்ல செறிவான உப்புத்தண்ணீர் −21 பாகை வரை உறையாது என்பது பரிசோதனைக்கூடத்துக் கணக்கு. வீதியில் −12க்குக் கீழே போனாலே அது சோம்பிவிடும். அப்போது மணல்தான் போடுகிறோம். மணல் எதையும் உருக்காது, ரயருக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும், அவ்வளவுதான். மழை பெய்தால் போட்ட உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், மழை நின்று குளிர் இறங்கினால் வீதி வெறும் தண்ணீரோடு உறையும். எங்களுக்கு ஆகக் கடினமான இரவுகள் அவைதான்.

இன்னும் நிறைய உப்பைக் கொட்டினால் என்ன என்று சிலர் கோபமாகக் கேட்பார்கள். வீதியில் போடுகிற உப்பு வீதியோடு முடிவதில்லை. அது வடிகாலால் ஓடி ஹைலண்ட் கிறீக்குக்கும் ரூஜ் ஆற்றுக்கும் போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை எடுப்பதற்கு எளிதான வழி கிடையாது. மீனுக்கும் தவளைக்கும் அது நஞ்சு. நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. அதனால் அளந்துதான் போடுகிறோம். அளந்து போடுவது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அதோடு எல்லா வீதிக்கும் ஒரே நேரத்தில் லொறி போகாது. வேகப்பாதைகளும் பெரிய வீதிகளும் முதலில், பஸ் ஓடும் வீதிகள் பிறகு, உங்கள் வீடு இருக்கிற சின்ன வீதி கடைசியில். வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு வரும் அந்த முதல் நானூறு ஐந்நூறு மீட்டரில்தான், கண்ணாடிகூட இன்னும் தெளியாமல், நேரம் போகிறது என்ற அவசரத்தில் ஓடுகிறோம்.

போன குளிர்காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். விடிவதற்கு நேரம் இருந்தது. பள்ளத்தில் இறங்கும் ஒரு வீதியில், ஒரு வான் சறுக்கி ஓரத்துக் கல்லில் இடித்து, பாதி வீதியை அடைத்தபடி நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை. கோயிலுக்குப் போகிற குடும்பம், அம்மா சேலையோடும் மெல்லிய செருப்போடும், பிள்ளைகள் இருவர், அப்பா. நால்வரும் வானை விட்டு இறங்கி, சேதத்தைப் பார்த்தபடி, வானுக்குப் பின்பக்கம் வீதியிலேயே நின்றார்கள். அவர்கள் சறுக்கிய அதே ஐஸில்தான் பின்னால் வருகிற காரும் சறுக்கும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றாது, நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். லொறியை மேலேயே குறுக்காக நிறுத்தி, நீல விளக்கைச் சுழலவிட்டு, அவர்களைப் புல்வெளிப் பக்கம் ஏறச் சொல்லிக் கத்தினேன். அவர்கள் ஏறிய பிறகு ஒரு கார் இறங்கி வந்தது. அது என் லொறியைக் கண்டு பிரேக் பிடித்து, பிடிபடாமல் பக்கவாட்டாகச் சறுக்கி வந்து, லொறிக்குச் சற்று முன்னால் நின்றது. லொறி இல்லாவிட்டால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று அந்த அப்பாவுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆகவே சறுக்கி நின்றுவிட்டால், வண்டி ஓடக்கூடியதாக இருந்தால் உடனே வழியை விட்டு ஒரு பக்கத் தெருவுக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ கொண்டுபோங்கள். ஓடாவிட்டால் நான்கு பக்க விளக்கையும் போடுங்கள். பாதுகாப்பாக வீதியை விட்டு நன்றாக விலகிப்போக இடம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் பெல்ட்டைப் போட்டபடி உள்ளேயே இருந்து 911ஐ அழையுங்கள். இரண்டு வாகனங்களுக்கு நடுவில் மட்டும் நிற்கவேண்டாம். படம் எடுப்பதும் இன்சூரன்ஸ் இலக்கம் மாற்றுவதும் பிறகு செய்யலாம்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "ஐஸில் வழுக்கியதுதானே, என் பிழை இல்லை" என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்ராறியோவில் விபத்தில் யார் பிழை என்று இன்சூரன்ஸ் கம்பனிகள் தீர்மானிப்பதற்கு அரசாங்க விதி இருக்கிறது. காலநிலை, வீதியின் நிலைமை, பார்வைத் தெளிவு எதையும் கணக்கில் எடுக்காமல்தான் தீர்மானிக்கவேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. பின்னால் போய் இடித்தால், ஐஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிழை இடித்தவர் பக்கம்தான். பலகையில் போட்டிருக்கும் வேகமும் அப்படித்தான், அது நல்ல வீதிக்குப் போட்ட வேகம்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 60இல் போகிற கார், உலர்ந்த வீதியில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் ஐஸில் 140 மீட்டர் வரை போகும். ரிரிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ் ஒன்றின் நீளம் 12 மீட்டர். ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு பஸ் நிற்கிற தூரம் அது. வேகத்தை 30 ஆக்கினால் இந்தத் தூரம் பாதியாகக் குறைவதில்லை, காலில் ஒரு பங்காகக் குறைகிறது. ஏறக்குறைய 35 மீட்டர். வேகத்தைக் குறைப்பதில் இவ்வளவு இலாபம் இருக்கிறது. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிக்கிறார், லைட் அடிக்கிறார் என்று ஓடாதீர்கள். ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

ஓல் வீல் டிரைவ் வாங்கியிருக்கிறேன், எனக்குப் பயமில்லை என்று சொல்கிறவர்களுக்கு: நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ளுவதால் புறப்படுவது எளிது. நிறுத்துவதற்கு அது ஒன்றும் செய்யாது. எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. புறப்படும்போது வழுக்காததால், வீதி நன்றாக இருக்கிறது என்று ஏமாந்து வேகம் எடுத்துவிடுகிறார்கள். மேட்டோரத்தில் ஏறி நிற்கிற பெரிய எஸ்யூவிகளை நான் குறைவாகக் காணவில்லை.

சக்கரம் இறுகி நின்றுபோகாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏ.பி.எஸ் பிரேக் இருந்தால் அவசரத்தில் ஊன்றி மிதித்து அப்படியே பிடியுங்கள். காலுக்கு அடியில் கடகடவென்று அதிரும். பழுதாகிவிட்டது என்று பயந்து காலை எடுக்கவேண்டாம், அது வேலை செய்கிற விதமே அப்படித்தான். கார் பக்கவாட்டாக இழுத்துக்கொண்டு போனால், அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையும் கம்பத்துக்கே கொண்டுபோகும். குரூஸ் கன்ட்ரோலை இந்த மாதங்களில் விடியற்காலையிலும் இரவிலும் தொடவேண்டாம். சக்கரம் வழுக்கும் நேரத்தில் அது வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும்.

ரயரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கவலை கூடுகிறது, ஏனென்றால் புதிதாக வந்த நம்முடைய பிள்ளைகளை நினைக்கிறேன். படிக்க வந்தவர்கள், அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு வேலை தேடுகிறவர்கள், இரவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். மூவாயிரம் டொலருக்குப் பழைய கார் ஒன்றை எடுத்து, அதோடு வந்த ஓல் சீசன் ரயரிலேயே ஓடுகிறார்கள். கோடையில் ஓடிப் பார்த்து ஜி2 சாரதிப் பத்திரம் எடுத்தவர்கள், ஐஸ் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஓல் சீசன் என்று எழுதியிருந்தாலும் 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும், இறுகிய ரப்பர் ஐஸைப் பிடிக்காது. விண்டர் ரயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். பக்கத்தில் மூன்று முனை மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கையும் மாற்றவேண்டும். முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றினால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள பின்பக்கம் சுழன்று வரும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து விண்டர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸில் கழிவு கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், ஆகவே உங்கள் முகவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பழைய ரயர் வாங்குகிறவர்கள் தேய்வை அளந்து வாங்குங்கள். 4 மில்லிமீட்டருக்குக் கிட்டத் தேய்ந்துவிட்டால் ஸ்னோவுக்கு அது உதவாது. குளிர் இறங்க இறங்க ரயரின் காற்றழுத்தமும் இறங்கும், மாதம் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிற, வேலை கொடுக்கிற பெரியவர்கள் நம் சமூகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். உங்கள் கராஜில் மூலையில் கிடக்கிற பழைய விண்டர் ரயர் சரியான அளவாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு போய், ஆள் இல்லாத தரிப்பிடம் ஒன்றில், உரியவர்களிடம் கேட்டுவிட்டு, இருபது வேகத்தில் பிரேக் பிடித்துக் காட்டுங்கள். கார் நிற்காமல் வழுக்கிப் போவதை ஒருமுறை உடம்பால் உணர்ந்தவர்கள் பிறகு 401இல் முன்காருக்குக் கிட்டப் போகமாட்டார்கள்.

உறைமழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2013 டிசம்பர் 21, 22இல் நடந்ததை ரொறன்ரோவில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சிலருக்கு நத்தாருக்குப் பிறகும் வரவில்லை. மேலே சூடான காற்றில் மழையாக விழுந்து, நிலத்துக்குக் கிட்ட இருக்கும் குளிர்காற்றில் நுழைந்து, தொட்ட இடத்திலேயே உறைகிற மழை அது. அதற்கு எங்கள் உப்பால் ஈடுகொடுக்கமுடியாது. பக்கக் கண்ணாடியிலும் வைப்பரிலும் ஐஸ் கட்டத் தொடங்கினால் வீதியிலும் கட்டுகிறது என்று அர்த்தம். அப்படியான நாளில் கோயிலும் வேண்டாம், கலியாண வீடும் வேண்டாம். கடவுள் கோபிக்கமாட்டார்.

எங்கள் லொறிகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். நீல விளக்கோடு மெதுவாகப் போகிறோம் என்று முந்தப் பார்க்காதீர்கள். லொறிக்குப் பின்னால் இருப்பதுதான் உப்புப் போட்ட வீதி, முன்னால் இருப்பது போடாதது. நெடுஞ்சாலையில் ஸ்னோ தள்ளும் லொறிகள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்று பக்கவாட்டாகப் போகும்போது, இடையில் புகுந்து போகிறவர்களைக் கண்டு நெஞ்சு நின்றுபோகிறது. தகட்டின் முனை லொறியைவிட அகலம், ஸ்னோ பறக்கும்போது அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மிகவும் கிட்டவும் வராதீர்கள். கிட்ட வந்தால் நாங்கள் கண்ணாடியில் உங்களைக் காணமாட்டோம்.

முன்விளக்கு இன்னொன்று. பழைய கார்களில் பகல் விளக்கு முன்னால் தானாக எரிந்தாலும் பின்விளக்கு எரிவதில்லை. 2021 செப்டெம்பருக்குப் பிறகு தயாரித்து இங்கே விற்கிற கார்களுக்குத்தான் இந்தக் குறை தீர்ந்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பின்விளக்கு இல்லாமல் முன்னால் போகிற காரை நான் கண்டபிறகு பிரேக் பிடித்தால், உப்பு நிறைந்த லொறி ஐஸில் எங்கே நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்விட்சைக் கையால் திருப்பி எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கு நான் கேட்பது சிறிய காரியங்கள்தான். திருவெம்பாவை பத்து நாட்களும் முதல் ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தரிப்பிடத்துக்கும் வாசற்படிக்கும் உப்புப் போடச் சொல்லுங்கள். வயதானவர்கள் வெறுங்காலோடும் செருப்போடும் இறங்குகிற இடம் அது. முந்தின இரவு வானிலை பார்த்து, மோசமாக இருந்தால் "இன்று வீட்டிலிருந்தே நேரலையில் பாருங்கள்" என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுங்கள். தனித்தனியாக வருகிற அயலவர்களைச் சேர்ந்து, அதுவும் நல்ல ரயர் போட்ட ஒருவருடைய காரில், வரச் சொல்லுங்கள். ஊரில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி நடந்து போன பழக்கம் நமக்கு. இங்கே அதற்காக விற்பியிலிருந்தும் மில்டனிலிருந்தும் நெடுஞ்சாலையில் வருகிறார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், என் மனைவியும் போகிறவர்தான்.

தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் மேற்பார்வை செய்கிற தமிழர்களுக்கும் சொல்கிறேன். ஐஸ் உள்ள காலையில் பத்து நிமிடம் பிந்தி வருகிறவர்களுக்குப் புள்ளி வெட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவர்கள் வளைவில் வேகமாக இறங்குகிறார்கள்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு உதவி கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. டிசம்பர் முதல் மார்ச் வரை கோயில் விசேடங்கள் போடுகிற பக்கத்திலேயே ஒரு சிறிய பெட்டி போடுங்கள். புறப்படுவதற்கு முன் 511க்கு அழைத்தால் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளின் நிலைமை தெரியும் என்பதையும், முன்கார் தண்ணீர் தெறிக்காவிட்டால் அது ஐஸ் என்பதையும் அதில் எழுதுங்கள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆனவர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். போன ஆவணியில் வந்திறங்கிய பிள்ளைக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தமிழில் வாசித்தால்தான் மனதில் நிற்கும். பெட்டியில் என்ன எழுதவேண்டும் என்று யாராவது கேட்டால், இரவு வேலை முடிந்து எந்தக் காலையிலும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் உப்பு லொறிச் சாரதி,
ஸ்காபரோ